விலைப்புள்ளி, நண்பகல் வரை

ரஃபாயேலாவில் திங்கட்கிழமை.
ஷட்டரைத் தூக்கும் முன்பே
இரும்பு வியாபாரி கஸ்தால்தியின் செய்தி:
வெள்ளிக்கிழமை சொன்ன விலையை மறந்துவிடு.
புது விலை?
பதினோரு மணிக்கு மேல் கேள்.

அதுவரை
விலை தெரியாத கம்பியைக்
கடைவதா வேண்டாமா.
லேத் ஓடவில்லை, வாடகை ஓடுகிறது.

எல்வியோ மொந்தீனோ வந்து நிற்கிறான்
பூட்ஸில் சாணம் காயாமல்.
கறவை பம்பின் தண்டு
சாவிப்பள்ளத்தில் முறிந்திருக்கிறது.
நூற்றெழுபது மாடு காத்திருக்கிறது என்கிறான்
மாடுகளே என் வாசலில்
வரிசையில் நிற்பதுபோல.

எழுதினேன்:
தண்டு ஒன்று, புஷ் இரண்டு.
இந்த விலை நண்பகல் வரை செல்லும்.

போன வருடம் முப்பது நாள் என்று எழுதினேன்.
பிறகு பதினைந்து. ஏழு. மூன்று.
இப்போது புள்ளி வைத்துப்
பேனாவை மூடுவதற்குள்
புள்ளி நகர்ந்துவிடுகிறது.

"இதே தண்டு, போன தடவை பாதி விலை."
போன தடவை உன் பால் என்ன விலை, எல்வியோ?
சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது.
பால் ஆலை
அறுபது நாள் கழித்துத்தான் பணம் தரும்.
இன்று கறந்த பாலுக்கு
அன்றைக்கு என்ன வாங்கலாம் என்று
ஆலைக்கும் தெரியாது.

அப்படியானால் லிட்டரில் சொல் என்றான்.
காகிதத்தைத் திருப்பினேன்.
பெசோவை அடித்துவிட்டு எழுதினேன்:
இருநூற்றறுபது லிட்டர்,
பணம் தரும் நாளின் பால் விலைப்படி.
கைகுலுக்கினோம். அவன் கை
என் கையைவிடச் சொரசொரப்பு.

இரவு ஒதில்யா கணக்கைப் பார்த்தாள்.
அடக்க விலையில் எல்லாம் அடங்கியிருந்தது:
கம்பி, இன்சர்ட், குளிர்விக்கும் எண்ணெய்,
மின்சாரம், கஸ்தால்தியின் லாரி வாடகை.
"உன் மணிக்கூலி மட்டும்
போன மார்ச்சிலேயே நிற்கிறதே" என்றாள்,
தட்டில் மிஞ்சிய ரொட்டியைக் கடித்தபடி.

பதில் சொல்லவில்லை.
இரும்பு ஏறினால்
பழியை இரும்பின் மேல் போடலாம்.
கூலி ஏறினால்
ஏற்றியவன் நான்.
பதினாறு மாதமாக அந்த வெட்கத்துக்கு
நானே வட்டி கட்டிவந்திருக்கிறேன்.
வருகிறவர்களோ
ஒழுங்கான ஆள் என்று
முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை
சுவர்ப்பலகையில் பெயின்ட்டால் எழுதிய எண்ணை
உளியால் சுரண்டினேன்.
மஞ்சள் பொடி காலடியில் கொட்டியது.
அந்த இடத்தில் சாக்கட்டியால்,
அழிக்க வசதியாக:
ஒரு மணி நேரம், முப்பது லிட்டர்.

தண்டை எடுக்க வந்த எல்வியோ
இரண்டு முறை படித்தான்.
"நல்ல மாடு ஒன்று ஒரு நாள் முழுக்கக் கறப்பது இது."
ஆமாம்.
"என் மாடு மணிக்கு இவ்வளவு கறக்காது."
உன் மாடு இரண்டு மைக்ரானுக்குள்
கடையவும் கடையாது.

அவன் சிரிக்கவில்லை.
பேசியது பேசியதுதானே,
இந்தத் தண்டுக்குப் பழைய கூலி, என்றேன்.
அடுத்ததற்கு?
தண்டை விளக்குக்கு நேரே பிடித்து
உருட்டிப் பார்த்தான்.
"அடுத்தது உடையாமல் பார்த்துக்கொள்."

மணி பதினொன்று. மேசையில் போன் அதிர்ந்தது.
கஸ்தால்திதான்.
இன்னும் நான்கு சென்டிமீட்டர் வெட்டு
மிச்சமிருந்தது அடுத்த வேலையில்.
சுருள் சுருளாக நீல இரும்பு
இறங்கிக்கொண்டிருந்தது.
அது முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.