எது முன்னோ

குஞ்சப்பனைக்குக் கீழே மண் சரிந்து
கோவையிலிருந்து வர வேண்டிய நடுவர்
மேட்டுப்பாளையத்தோடு திரும்பிவிட்டார்.
அன்றிரவே விசில் என் கைக்கு வந்தது.
நான் தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன்.
இலை வாட்டும் விசிறிகளோடு மல்லுக்கட்டுகிறவன்.
மோட்டார் தெரியும் என்பதுதான் தகுதி.

நாற்பத்திரண்டு பக்க விதிப் புத்தகம்.
இரண்டு முறை படித்தேன்.
மூன்றாம் முறை படிக்கையில் கரண்ட் போனது.

கோத்தகிரி சமுதாயக் கூடத்துக்குத் தரை சற்றே சாய்வு.
ஆடுகளப் பலகையின் ஒரு காலுக்குக் கீழே
அட்டையை மடித்து வைத்து
ரசமட்டம் பார்த்து
இன்னும் ஒரு மடிப்பு வைத்தோம்.
ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து
ஸ்கோர் பலகையை ஈரமாக்கிவிட்டுப் போனது.

ஏழாவது ஆட்டம்.
கட்டபெட்டுப் பள்ளிக்கு விஸ்மிதா ஓட்டினாள்.
கடைசி ஆறு நொடியில் அவள் ரோபோ
கொக்கியை நீட்டிக் கம்பியைப் பிடித்தது,
முனகியது,
தன்னைத்தானே தூக்கிக்கொண்டது.
மணி.
மணியோடு எல்லா மோட்டாரும் அணைந்துவிடும், அது விதி.

பூட்டுள்ள கியர் வாங்கப் பணமில்லாமல்
பழைய செருப்பின் ரப்பரை வெட்டி
பிரேக் வைத்திருந்தார்கள்.
ரப்பர் பிடித்தது.
பிடித்தபடியே வழுக்கியது.
தொட்டியில் இலை வாடுகிற மாதிரி,
கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்
ரோபோ இறங்கத் தொடங்கியது.

விதி 9.3:
*மணி ஒலித்து ஐந்து நொடி ஆனதும்,
அல்லது எல்லாம் ஓய்ந்ததும்,
எது முன்னோ, அந்த நிலையே கணக்கு.*
விதி 9.4:
*சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே
ஒரு தாள் தடையில்லாமல் நுழைந்தால்
தொங்குவதாகக் கொள்க.*

தாள்.
சட்டைப் பையில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப்.
பேன்ட் பையில் சாவி.
பின் பையில் பர்ஸ், பர்ஸுக்குள்
காலையில் வந்த பஸ்ஸின் டிக்கெட்.
குனிந்து மூன்று சக்கரத்துக்கு அடியில் விட்டேன், போனது.
நான்காவதில்
பாதி போய் நின்றது.
இழுத்தேன், கிழிந்தது.

"தொட்டுடுச்சு சார்" என்றான் அரவேணு அணியின் ஆரோன்,
சந்தோஷமில்லாமல்.
பதினைந்து புள்ளி.
அது இருந்தால் அவள் ஜெயிப்பாள், இல்லையென்றால் அவன்.

விஸ்மிதா அழவில்லை. புத்தகத்தை விரித்தாள்.
"தொட்டுடுச்சுதான்.
எப்போ தொட்டுச்சுன்னுதான் கேக்குறேன்.
அஞ்சு நொடியில ஓயல, இறங்கிட்டுதான் இருந்துச்சு.
அப்போ அஞ்சுதான் முன்னாடி வரும்.
நீங்க குனிஞ்சப்ப எத்தனை சார்?"

ஒன்பது இருக்கலாம். பத்தும் இருக்கலாம்.
அதைச் சொல்லவும் செய்தேன்.
வீடியோ வைத்திருக்கிறோம் என்று
ஃபோனை நீட்டினார் யாரோ ஒருவரின் அப்பா.
11.2: *படப்பதிவு ஏற்கப்படாது.*
11.1: *ஐயம் எழுந்தால்
நடுவர் கண்டதே முடிவு.*

நான் கண்டது என்ன?
ஐந்தாவது நொடியில்
என் கை என் பையைக் கண்டுகொண்டிருந்தது.
நான் கண்ட நொடியில் சக்கரம் தரையில் இருந்தது.
காணாத நொடிக்குப் புள்ளி போட
நாற்பத்திரண்டு பக்கத்திலும் இடமில்லை.

சுழியம் எழுதினேன்.
ஈரப் பலகையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை,
ஒரே சுழியத்தை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள்.
போடும்போது நேரம் என்ற கட்டத்தில்
மணி நிமிடத்தோடு நொடியையும் எழுதினாள்.
ஆரோன் அந்த ரோபோவின் மறுபக்கத்தைப் பிடித்து
மேஜை வரை தூக்கிக் கொடுத்தான்.
கம்பியில் செருப்பு ரப்பரின் கறுப்புத் தீற்றல்.
யாரும் துடைக்கவில்லை.

எட்டாவது ஆட்டத்துக்கு
மணி அடிக்கும் முன்பே முட்டி போட்டிருந்தேன்,
கிழிந்த டிக்கெட்டின் பெரிய பாதி
விரலிடுக்கில்.
அந்த ஆட்டத்தில்
எந்த ரோபோவும் தொங்கவில்லை.