முழு எண் மட்டும்

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள்
வார்சாவுக்குப் போயாக வேண்டும் படிவம்.
எதிர்பார்க்கும் பதக்கம்: தங்கம், வெள்ளி, வெண்கலம்.
மூன்று கட்டங்கள்.
அடியில் பொடி எழுத்தில்,
முழு எண் மட்டும்.

பென்சில் செய்து பிழைத்த ஊர் புருஷ்குஃப்.
நானும் பென்சிலில்தான் போட்டுப் பார்க்கிறேன்,
அழிக்கத் தோதாக.

சன்னலுக்குக் கீழே ஓடுதளம்.
சரிந்த பைன் பலகைமேல் நான்கு பெண்கள்:
லிவியா, போக்னா, ஒதிலியா, கொர்னேலியா.
ஒருத்தியின் பின்சக்கரத்துக்கும்
அடுத்தவளின் முன்சக்கரத்துக்கும் நடுவே
ஓர் உள்ளங்கை.
பிரேக் கிடையாது அந்த வண்டிகளுக்கு.
யாரோ நீளத் துணியொன்றை
நிறுத்தாமல் கிழித்துக்கொண்டே போகிற சத்தம்.

நாலு கிலோமீட்டர்.
நான்கு நிமிடம், பதிமூன்று புள்ளி எட்டு.
வெண்கலம் என் கணக்கில்
பதிமூன்று புள்ளி ஐந்தில் நிற்கும்.
மிச்சம், நொடியில் பத்தில் மூன்று.
இமை மூடித் திறக்கிற பொழுது.
மாத்திரை என்பார்களே, அது.

அந்த ஒரு மாத்திரைக்காக
கிராட்சியன் சங்கிலியை மெழுகில் காய்ச்சுகிறான்.
லெஷெக் முழங்கைகளை
விரற்கடை உள்ளே தள்ளச் சொல்லி நாளெல்லாம் கத்துகிறார்.
காலுறை எவ்வளவு உயரம் என்று
நேற்று ஒரு மணி நேரச் சண்டை.
ஒதிலியா முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள்,
காற்றுக்காக என்றாள்.
அம்மாவிடம் வேறு காரணம் சொன்னாளாம்.

வானொலியில் ஒருவர் சொல்கிறார், குறைந்தது இரண்டு.
அவருக்கென்ன, வாய்தானே.
ரயிலடி ரொட்டிக்கடைக்காரி
மாவு அப்பிய கையோடு கேட்கிறாள்,
இந்தத் தடவை உண்டா?
உண்டு என்றால் ஆறு பன்னுக்கு ஒன்று கொசுறு.
பார்க்கலாம் என்றால்
சில்லறையை மெதுவாக எண்ணுகிறாள்.

யாரிடமும் நான் சொல்லாதது:
பதினொரு நாளாகக் கொர்னேலியாவுக்கு
மூன்றாவது கிலோமீட்டரில் வலது தோள் தொய்கிறது.
திரையில் அது தெரியாது.
அவள் வாட் எண்கள் வரிசை கலையாமல் நிற்கின்றன,
காலை வணக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.
ஆனால் கழிவறைக் குப்பைக்கூடையில் பார்த்தேன்,
நான்கு மாத்திரை உரித்த அட்டை.
இது வேறு மாத்திரை.
தடைப் பட்டியலில் தேடினேன், இல்லை.
தேடியதற்கு வெட்கமாக இருந்தது.

சொன்னால் ஐந்தாமவள் பிளாங்கா இறங்குவாள்.
பிளாங்கா என்றால் பதினைந்து புள்ளி ஒன்று.
சொல்லாவிட்டால் பதிமூன்று புள்ளி எட்டு,
அல்லது நான்கு பேரும் பலகையில் ஒரே குவியல்.
கட்டத்துக்குள்
'அல்லது' எழுத இடமில்லை.

விதி ஒன்று உண்டு இந்த ஆட்டத்தில்:
மூன்றாவது சக்கரம் கோட்டைத் தொட்டதும்
கடிகாரம் நின்றுவிடும்.
நான்காமவள் எங்கே இருந்தாலும் கேட்பாரில்லை.
ஆகவே அவள் எரிந்து தீரலாம்.

இதோ, மூன்று கிலோமீட்டர்.
தன் முறையை இன்னொரு அரைச்சுற்று இழுத்துக் கொடுத்துவிட்டு
சரிவின் மேலே ஒதுங்குகிறாள் கொர்னேலியா.
மற்ற மூவரும் அவளுக்குக் கீழே வழுக்கிப் போகிறார்கள்,
திரும்பிப் பார்க்காமல். பார்க்கக் கூடாது.

கம்பியைப் பிடித்து நின்று,
மூச்சு வந்ததும், சன்னலை நோக்கிக் கத்துகிறாள்:
எவ்வளவு?
பதிமூன்று எட்டு.
அப்படியானால் இன்னும் பத்தில் மூன்றா?
பத்தில் மூன்று.
சிரிக்கிறாள். நான் தும்மினாலே அவ்வளவு ஆகுமே.
வலது கையால் மூக்கைத் துடைக்கப் போய்
இடது கைக்கு மாறுகிறாள்.

தங்கம், சுழி.
வெள்ளி, சுழி.
மூன்றாம் கட்டத்தில் தட்டினேன், சுழி புள்ளி நான்கு.
சிவப்பில் வந்தது: முழு எண் மட்டும்.
அழித்தேன்.
காலிக் கட்டத்தில் ஒரு கோடு
இமைக்கிறது, இமைக்கிறது.

மணி மூன்று நாற்பத்தொன்று.
ரொட்டிக்கடை ஐந்துவரை திறந்திருக்கும்.