ஊறுகாய் வாளி

வெள்ளரி ஊறுகாய் வந்த வாளியைக் கழுவி
மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டாள் கிரெட்டா.
அதுதான் ஓட்டுப்பெட்டி.
ஆர்டர் எழுதும் தாள்தான் வாக்குச்சீட்டு.
செவ்வாய்க்கிழமை, மணி மூன்று.
ஈரி ஏரியிலிருந்து பனி
பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
கடையில் ஒரே ஒரு ஆள், அவரும் சூப் மட்டும்.

ஒன்று என்று எழுதினால்
எல்லாருக்கும் மணிக்குப் பதினெட்டு டாலர்,
டிப்ஸ் கிடையாது.
இரண்டு என்று எழுதினால்
கூலி இப்போதுள்ளபடி,
விழுகிற டிப்ஸ் எல்லாம் ஒரே ஜாடியில்,
இரவில் எண்ணிப் பங்கு,
சமையற்கட்டுக்கும் சேர்த்து.

மூன்று கிடையாது.
எனக்கு வேண்டியிருந்தது மூன்று:
என் மேஜை, என் காசு.

வெள்ளி இரவு மீன் வறுவல் கூட்டம்,
ஏழு மேஜை என்னுடையது,
ஏப்ரன் பையில் முந்நூறு டாலர்.
செவ்வாய் மதியம் பதினொன்று.
கார் டயர் வெடிப்பதென்னவோ
செவ்வாயில்தான்.

கூலியைக் கேட்டு வாங்கலாம்.
இனாமைச் சிரித்துத்தான் வாங்க வேண்டும்.
பன்னிரண்டாம் மேஜை டுவெய்ன்
ஐம்பது டாலரை வைத்துவிட்டு
அதன் மேலிருந்து கையை எடுக்க மாட்டான்.
நான் இழுக்க வேண்டும்.
இழுக்கும்போது பல் தெரிய வேண்டும்.
அந்த நொடியை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பது?

அதற்காக எல்லா இனாமும் இழிவென்று
யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.
என் மகன் வயிற்றில் ஒன்பது மாதமாய் இருந்தபோது
சர்ச் முடிந்து வந்த நான்கு பெண்கள்
ரசீதுக்கு மேல் நூறு டாலர் வைத்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள்,
ஒரு வார்த்தை பேசாமல்.
எந்த முதலாளி பார்த்தாள் என் வீங்கிய காலை?

"நான் ஊற்றுகிற விஸ்கியில்
தட்டுக் கழுவுகிறவனுக்கு என்ன பங்கு?"
பாரில் நிற்கும் டெவின் கேட்டபோது
பூர்ணா குருங் அங்கேதான் இருந்தார்,
நீராவிக்கு அந்தப் பக்கம்.
காதில் விழுந்ததா, தெரியாது.

குழம்பில் ஒட்டிய சில்லறை
தட்டோடு அவரிடம் போய்விடும்.
கழுவி, துடைத்து,
மடித்த நாப்கின் மேல் வரிசையாய் அடுக்கி
எங்கள் அலமாரியில் வைப்பார்.
எந்த மேஜை என்று அவருக்குத் தெரியாது.
தட்டு தெரியும்:
"மீன் தட்டு," என்பார். "ஆப்பிள் பை தட்டு."
ஆறு வருடமாய் எடுத்துக்கொள்கிறோம்.
என்னுடையதல்ல என்று தெரிந்தும்
இரண்டு தடவை எடுத்திருக்கிறேன்.
சரி, நான்கு.

தாளை மடித்து வாளியில் போட்டேன்.
வீட்டில் சொன்னது ஒன்று,
டெவினிடம் சொன்னது இரண்டு.

ஒன்பது சீட்டு.
ஒன்றுக்கு ஐந்து, இரண்டுக்கு மூன்று.
மிச்சமிருந்த சீட்டில் மூன்று என்று எழுதியிருந்தது.
கிரெட்டா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்,
என் பக்கம் திரும்பாமல்.
பத்தொன்பது வருடமாய்
என் கையெழுத்தில்தான் ஆர்டர் படிக்கிறாள்.

மீன் விலை இரண்டு டாலர் ஏறியது.
டெவின் மார்ச் மாதம் கேசினோவுக்குப் போனான்.
டயர் மாற்றினேன், கடன் வாங்காமல்.
வெள்ளி இரவு பத்து மணிக்குக் கால் வலிக்கும்போது
முந்நூறு நினைவுக்கு வரும்.
டுவெய்னிடம் இப்போது சிரிப்பதில்லை.
அவனும் வருவதில்லை.

மேஜைக்கு மேஜை அட்டை வைத்தாயிற்று:
டிப்ஸ் வேண்டாம், நன்றி.
அதைப் படித்துவிட்டும் போன வாரம் ஒருவர்
கெட்சப் பாட்டிலுக்கு அடியில்
ஐந்து டாலரை மடித்துச் செருகிவிட்டுப் போனார்.
வாசல்வரை ஓடினேன். பனி. கார் போய்விட்டது.

என்னுடையதா? ஜாடியும் இல்லை.
கிரெட்டாவுடையதா? நிச்சயமாக இல்லை.
நாப்கினை மடித்து
அலமாரியில் வைத்தேன்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று.
யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை
அதன் ஓரத்தில்.
இன்று செவ்வாய்.
பூர்ணா அலமாரி துடைக்கிறார்,
அதை மட்டும் விட்டு, சுற்றி.