இரண்டு நாள் ஓடிய படம்

நகரி மலையின் மூக்கு
முதல் காட்சியிலேயே வந்துவிடும்.
அதற்குக் கீழே, ரயில்வே கேட்டருகில்
அம்சவேணி நிற்பாள்,
புருஷன் செத்தபின் தன் பேரும் மறந்துபோன ஒருத்தியாக.
கதை அவ்வளவுதான்.
மற்றபடி நடப்பாள், தண்ணீர் குடிப்பாள்,
யார் வீட்டுக் கதவையாவது தட்டுவாள்.

படம் பிடித்து முடித்த பதினோராம் நாள்
திருத்தணி சாலையில் அக்காவை லாரி அடித்தது.
புத்தூர் கட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.
எலும்பென்றால் சேர்த்திருப்போம் என்றார்கள் அங்கே.

மூன்று மாதம் கழித்து டைரக்டர் வந்தார்.
துக்கம் கேட்டார், காபி குடித்தார்,
"உங்களுக்கும் அதே குரல்" என்றார்.

சாலிகிராமத்தில் ஒரு குளிர்ந்த இருட்டு.
மைக்குக்கு இந்தப் பக்கம் நான்,
வாய் மட்டும் அசைய அந்தப் பக்கம் அவள்.
எனக்கு அது புதிதில்லை.
எட்டு விசைத்தறி ஓடுகிற வீட்டில்
உதட்டைப் பார்த்துத்தான் வளர்ந்தோம்.
சாப்பிட வா, நூல் அறுந்தது, அப்பா வருகிறார்,
எல்லாம் சத்தமில்லாத சொற்கள்.
அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று தெரியும்.
அங்கேயே நானும் வாங்கினேன்.
"நான் யாருன்னு யாராவது சொல்லுங்க" என்பதை
ஒரே டேக்கில் சொல்லிவிட்டேன்.

கடைசி ஷாட்டில்தான் தகராறு.
காகிதத்தில் வசனமே இல்லை.
அவளோ கேமராவைத் தாண்டி யாரையோ பார்த்து
ஒன்று சொல்கிறாள்.
குவிந்து திறக்கிற உதடு
கடைசியில் மூடிக்கொள்கிறது.
அன்று கேட்டுக்கு வெளியே, கூட்டத்தில்,
குடையோடு நான் நின்றிருந்தேன்.

பூரணம், என்றேன் மைக்கில்.
என் பேர்.
"நீளுது. உட்காரலை" என்றார்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.
இன்னும் வேகமாக, பூரணம்.
உட்காரலை.
ஆறாவது தடவை "போதும்" என்றேன்.
என்னால் முடியவில்லை என்று
அவர்களிடம் சொன்னதுதான் அது.
எடுத்துக்கொண்டார்கள்.

நகரியில் இரண்டு நாள் ஓடியது.
மறுநாள் மாட்னியில் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர்.
இடைவேளையில் நாலு பேர் எழுந்து போனார்கள்.
அம்மா எழவில்லை,
விளக்கு போட்ட பிறகும்.

அன்று ராத்திரி சோறு போடும்போது
போதும் என்றேன்.
கரண்டி அந்தரத்தில் நின்றது.
அம்மா என்னைப் பார்க்கவில்லை,
என் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் நான்
சாலு என்கிறேன்.
பாதி ஊர் தெலுங்கு, ஏனென்று யாரும் கேட்பதில்லை.
அம்மாவும் நிறுத்திக்கொள்கிறாள்,
சில ராத்திரிகளில்
நான் சொன்ன பிறகும்
இன்னொரு கரண்டி போட்டுவிட்டு.