பொருந்தும், பேசாது

ஹவல்லியில், இப்னு கல்தூன் தெருவில்,
எஸ்கலேட்டர் நின்றுபோன மாலின் இரண்டாம் தளம்.
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
சவரிராயன் என் மேசையில் வைத்தது
பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகடு.
பதினாறு ஜி.பி. எஸ்.எஸ்.டி.
இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவுக்குக் காணாது.

"ரெண்டு கடையில சொருகிப் பாத்தாங்க.
உள்ள போகுது. ஒண்ணும் தெரியல."

தெரியாது.
காடி அதே காடி, திருகுத் துளையும் அதேதான்.
ஊசிக்கு ஊசி பேச்சுதான் வேறு.
இது பழைய ஐ.டி.இ. பாஷை,
இன்றைய போர்டுக்குக் காதிலேயே விழாது.
பொருந்திவிட்டால் நடந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.
என் முதல் விசாவில்
'தோட்டக்காரன்' என்று இருந்தது.

அடாப்டர் வரப் பதினெட்டு நாள்.
முதலில் வந்தது தப்பான அளவு.
அடுத்ததில் ஒரு ஊசி மடங்கியிருந்தது,
சட்டைப் பித்தான் தைக்கிற ஊசியால் நிமிர்த்தினேன்.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.
"கார் டாஷ்போர்டுல. பதினோரு கோடை."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கரண்டு இல்லாமல் சூட்டில் கிடந்தால்
உள்ளே அடைத்து வைத்த மின்னூட்டம் கசியும்.
பூச்சியம் ஒன்றாய் மாறும்.
யாரும் வந்து திருட வேண்டியதில்லை.

நீல யூ.எஸ்.பி. ஒத்துக்கொள்ளவில்லை,
பின்பக்கக் கறுப்பில் செருகினேன்.
எதையும் எழுதக் கூடாது, படிக்க மட்டும்.
பாதியில் நின்றது. தொட்டால் சுட்டது.
பக்கத்துக் கடை மரிவிக்
கேட்காமலே தன் குட்டி விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள்.
மறுபடியும்.
நொடிக்கு நாலு எம்.பி., சில நொடி அதுவும் இல்லை.
அவர் திரையைப் பார்க்காமல்
விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது.
மாதத்துக்கு இரண்டு கோப்பு.
ஒன்றின் பெயர் ஆபீஸ், மற்றதன் பெயர் சரி.
அதே நாற்பத்தொரு ஆட்கள், அதே தேதிகள்,
ஆபீஸில் மட்டும் ஓவர்டைம்
நாளொன்றுக்கு அரை மணி குறைவு.

"ஷுஐபா பைப் யார்டுல நான்தான் டைம்கீப்பர்.
குறைக்கச் சொன்னாங்க, குறைச்சேன்.
ரெண்டாவது, யாரும் சொல்லாம வெச்சது."
கம்பெனி?
"இப்ப அங்க கார் கழுவுறாங்க."

இருபத்தேழாம் வரிசையில் விரல் நின்றது. ராசகிளி.
பையிலிருந்து டைரியை எடுத்து
மாதம் மாதமாகக் கூட்டினார், பேனாவால்.
கால்குலேட்டரை நீட்டினேன், வாங்கவில்லை.

ஜூலையின் 'சரி' மட்டும் திறக்கவே இல்லை.
நாலு முறை பார்த்தேன். போய்விட்டது.
"இருபத்தாறு நாள், பதிமூணு மணி" என்றார்,
எழுதினார்,
அடித்துவிட்டுப் பதினாலு என்று போட்டார்.

என் கூலி மூன்று தினார்.
ஐந்தை வைத்துவிட்டு
தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.
அடாப்டர் என் இழுப்பறையில் கிடக்கிறது.
வேறு எதற்கும் அது ஆகாது.