ஆனா

காலை பத்தரைக்குள்
நான் மூன்று முறை குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன்.
தேக்கா பின்சந்தில் கள்ளச் சிகரெட் விற்றேன்.
குடித்துவிட்டு ஒரு டாக்சியின் கண்ணாடியை உடைத்தேன்.
அனுமதி முடிந்தும் நாற்பது நாள்
பொத்தோங் பாசிரில் யாரோ ஒருவர் சமையலறையில் தூங்கினேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசாங்க வேலை.
"அவர் சொல்கிறார்" என்று
மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடாது.
கூண்டுக்குள் இருப்பவரின் நான்
என் வாயிலும் நான்தான்.

நான்காவது, அருளப்பன் சவரிமுத்து.
துவாஸ் வேலையிடம். செம்புக் கம்பி, பதினான்கு கிலோ.
ஊர் தொண்டிப் பக்கம்.
பேச்சில் பாதியை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்.
கண்ணாடித் தடுப்பின் இடைவெளிக்கு
என் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

குற்றச்சாட்டைத் தமிழில் சொன்னேன்.
"நேர்மையற்ற எண்ணத்துடன்" என்பது
எங்கள் அறையில் இரண்டு வருடம் சண்டை போட்டு
நாங்கள் ஒத்துக்கொண்ட தமிழ்.
அவர் தலையாட்டினார்.
தலையாட்டல் பதிவேட்டில் ஏறாது, வாயால் சொல்லுங்க என்றேன்.
"புரியுதுக்கா."
குற்றத்தை ஏற்கிறீர்களா?
"ஏத்துக்கிறேன்."
தண்டனை என்னவென்று தெரியுமா?
"தெரியும்."

அரசுத் தரப்பு ஆறு வாரம் கேட்டது.
அவர் உள்ளே இருந்தது ஐம்பத்தோரு நாள்.
கணக்கு அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்,
வாசலில் நின்ற காவலருக்கும்கூட.
இன்றே வெளியே. நாளையோ மறுநாளோ திருச்சி விமானம்.

விவரப் பட்டியல், பதினொரு பத்தி.
வாசித்து முடித்ததும் வழக்கமான கடைசிக் கேள்வி:
எந்த மாற்றமும் இல்லாமல் இதை ஏற்கிறீர்களா?

"எடுத்தது நெசந்தான்க்கா.
ஆனா குப்பைக்குப் போற கம்பி, கொண்டு போன்னு
போர்மேன்தான் சொன்னாரு."

ஆனா.
தமிழில் இரண்டெழுத்து. ஆங்கிலத்தில் மூன்று.
ஒரு இருமலில் அதை விழுங்கிவிடலாம்.
இருபத்தாறு வருடத்தில் எவ்வளவோ இருமியிருக்கிறேன்,
சளிக்காக மட்டும்.

சொன்னேன்.

நீதிபதியின் பேனா நின்றது.
வழக்கறிஞர் திரும்பிப் பார்த்தார்,
அருளப்பனை அல்ல, என்னை.
ஏதோ கெட்டுவிட்டதென்று
அவருக்கு எங்கள் முகங்களிலேயே தெரிந்துவிட்டது.
இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னார்,
இந்த முறை நன்றாகவே கேட்டது:
"அக்கா, அத விட்ருங்க. சொல்லாதீங்க.
நான் வீட்டுக்குப் போவணும்."

அதையும் சொன்னேன்.
கூண்டிலிருந்து வரும் எதுவும்
என்னிடம் தங்கக்கூடாது என்பது சத்தியம்.
திறந்த மன்றத்தில், நல்ல ஆங்கிலத்தில்,
அக்கா என்று என்னையே கூப்பிட்டு
என்னிடமே நான் கெஞ்சினேன்.
தட்டச்சுச் சத்தம் ஒரு வார்த்தைக்குத் தயங்கி
மறுபடி ஓடியது.

நீதிபதி கோபப்படவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகவே பேசினார்:
ஏற்றும் ஏற்காமலும் இருக்கும் ஒப்புதலை
இந்த மன்றம் ஏற்க இயலாது.
அவர் செய்யாதது எதுவாவது இதில் இருந்தால்
அதற்கு அவரைத் தண்டிக்க நான் விரும்பவில்லை.
இதைத் தமிழில் சொல்கையில்
இரக்கம் இரக்கமாகவே வர வேண்டுமென்று
சொற்களைத் தேடினேன்.
அவர் கேட்டார்: "அப்ப இன்னைக்கு இல்லியா?"

பிணை எட்டாயிரம் வெள்ளி.
உள்ளூர்க்காரர் ஒருவர் நிற்க வேண்டும்.
இவருக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர்
அந்தப் போர்மேன் ஒருவர்தான்.

அடுத்த தேதி, வரும் மாதம் பதினெட்டு.
அவர் தலையாட்டினார்.
வாயால் சொல்லுங்க என்று
நான் கேட்கவில்லை.

சீன மொழிபெயர்ப்பாளர் வந்து என் இடத்தில் நின்றார்.
வெளியே ஹேவ்லாக் சாலையில் வெயில்.
கைப்பேசியில் பணிப்பட்டியலைப் பார்த்தேன்:
பதினெட்டாம் தேதி எனக்கு வேறு மன்றம்.
அன்று அவருக்கு
வேறு யாரோ நான்.