திரு. வெண்டல் பிரூயிட், மேலாளர்

வெண்டலை நான் உண்டாக்கியது ஒரு நவம்பர் இரவில்,
ரொட்டிக்கடை வேலைக்குக் கிளம்ப
இன்னும் நாற்பது நிமிடம் இருந்தபோது.
ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கையொப்பம்,
கீழே சாய்ந்த எழுத்தில் 'கலைஞர் மேலாண்மை.'
ஓர் ஆளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அதுவரை நானேதான் எழுதிக்கொண்டிருந்தேன்:
வணக்கம், என் பெயர் அனிகா சல்மேலா,
டுலூத்தில் இருக்கிறேன், செல்லோ வாசித்துப் பாடுவேன்,
இணைப்பு கீழே, நேரமிருந்தால் கேளுங்கள்.
யாருக்கும் நேரமிருக்கவில்லை.
நேரமிருந்த ஒருவர், காசில்லாமல் வருவீர்களா என்றார்,
நல்ல விளம்பரமாயிற்றே.
விளம்பரத்தை ஊற்றி
என் வண்டி ஒரு மைல்கூட ஓடியதில்லை.

வெண்டல் கறார்.
'நேரமிருந்தால்' என்று அவர் எழுதமாட்டார்.
அனிகாவுக்கு மார்ச்சில் இரண்டு நாள்தான் மிச்சம் என்றார்.
மார்ச் மொத்தமும் மிச்சமிருந்தது.
பிப்ரவரியும்.
அறுநூறு டாலர், தங்க இடம், சூடான சாப்பாடு.
மறுநாள் காலையே பதில்:
அன்புள்ள திரு. பிரூயிட்.

அந்த 'அன்புள்ள'வை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வேலைகள் என் தலையில்தான்.
ஏரி உறைந்த நாளில் கரையில் உட்கார்ந்து
விரல் மரக்க மரக்க வாசித்து எடுத்த காணொளியை
முப்பத்தொரு பேர் பார்த்தார்கள்.
நாற்பதாயிரம் பேர் பார்த்ததில் நான் மாவு பிசைகிறேன்.
பின்னால் எங்கோ என் பாட்டு.
கருத்துகள் முழுக்க ஈஸ்ட் பற்றி.

காலாண்டுக் கணக்கு:
பதினோராயிரம் தடவை கேட்கப்பட்டிருக்கிறேன்,
முப்பத்தெட்டு டாலர்.
லாட்வியாவில் யாரோ ஒருவர்
ஒரே பாட்டை நூற்றுப் பதினேழு முறை.
யாரென்று சொல்லாது அந்தச் செயலி.
அழுதாரா, தூங்கினாரா,
அணைக்க மறந்து ஊருக்குப் போய்விட்டாரா?

ஏப்ரலில் வெண்டலுக்கு ஒரு கடிதம்.
கோல்பி லாபோண்ட், ஆஷ்லாண்டிலிருந்து.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம், அக்கார்டியன் வாசிக்கிறாராம்.
அனிகாவை நீங்கள் காப்பாற்றுவதைப் பார்க்கிறேன்,
என்னையும் எடுத்துக்கொள்வீர்களா?

அடுப்பு சூடேறும் வரை, விடிகாலை மூன்று மணிக்கு,
அவர் அனுப்பிய நான்கையும் கேட்டேன்.
மூன்றாவதில் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.
புகைப்படத்தில் பாதி முகத்தை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.

இல்லையென்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.
எழுதியது வேறு:
முகம் தெரியும்படி ஒரு படம் எடு.
வாசித்து முடித்ததும் வாசலில் ஒரு தாளை வை,
வருகிறவர்கள் தங்கள் கையாலேயே முகவரி எழுதட்டும்,
ஆயிரம் லைக்கைவிட அந்தத் தாளை நம்பு.
தொகையை முதல் வரியில் கேள்.
தினமும் பதிவு போடாதே, தூங்கு.
மூன்றாவது பாட்டை முதலில் வை.
மன்னிக்கவும் என்று யாருக்கும் எழுதாதே.

அனுப்பிவிட்டு, என் அனுப்பிய அஞ்சல்களில்
'மன்னிக்கவும்' என்று தேடினேன்.
இருநூற்று ஆறு.

ஜூனில் ஒரு காசோலை வந்தது.
முந்நூறில் பதினைந்து சதவீதம், நாற்பத்தைந்து டாலர்,
பெறுபவர் வெண்டல் பிரூயிட்.
வங்கியில் அடையாள அட்டை கேட்டாள் அந்தப் பெண்.
திருப்பி வாங்கிக்கொண்டு வந்து
ரொட்டிக்கடையின் மாவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆஷ்லாண்ட் போனேன்.
இருபத்திரண்டு பேர், கடைசி வரிசையில் நான்.
மூன்றாவதை முதலில் வைத்திருந்தார்.
வாசலில் தாள், நூல் கட்டிய பேனா.
என் பெயரையே எழுதினேன்.

படித்தார் கோல்பி, நிமிர்ந்தார்.
வெண்டலுடைய அனிகாவா? அவர் வரவில்லையா?
எப்படி இருப்பார் அவர்?

களைப்பாக இருப்பார் என்றேன்.
ராத்திரி வேலை.